செல்ஃப் எடுக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை: பழைய இன்ஜெக்‌ஷன் கார்களில் பழுதைக் கண்டறியும் முறை

சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்ற ஒலியோடு எல்லாம் அடங்கிவிடுவது ஒரு வகைப் பழுது. செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காமல் இருப்பது முற்றிலும் வேறு வகைப் பழுது. முதலாவதில் பேட்டரி, அதன் முனைகள், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றோடு தேடல் பெரும்பாலும் முடிந்துவிடும். இரண்டாவதில் அவை தம் வேலையைச் செய்துவிட்டன. குறை அவற்றைத் தாண்டி எங்கோ இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையைப் பற்றியது. ஏறக்குறைய 1980களிலிருந்து 2000களின் தொடக்கம் வரை வந்த, கார்புரேட்டருக்குப் பதிலாக, பெட்ரோலை இன்ஜெக்டர் வழியே தெளிக்கும் மின்னணு இன்ஜெக்‌ஷன் பொருத்தப்பட்ட பெட்ரோல் கார்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. டீசல் கார்களுக்கு இது பொருந்தாது.

எஞ்சின் பிடிக்கப் பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து, போதிய அழுத்தத்துக்கு உள்ளாகி, சரியான தருணத்தில் தீப்பொறியைச் சந்திக்க வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் பெட்ரோலும் தீப்பொறியும் பெரும்பாலும் தனித்தனி வழியில் வந்தன; ஒன்று கெட்டால் மற்றொன்று பாதிக்கப்படாது. இன்ஜெக்‌ஷன் காரில் இரண்டையும் ஈசியூ என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டியே பெரும்பாலும் ஆள்வதால், ஒரு சென்சாரோ, மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ஒரு ரிலேயோ செயலிழந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுவிடலாம். ஆகவே எந்தப் பாகம் கெட்டிருக்கும் என்று ஊகிப்பதை விட, தீப்பொறி இல்லையா, பெட்ரோல் இல்லையா, இரண்டுமே இல்லையா, அல்லது இரண்டும் இருந்தும் பிடிக்கவில்லையா என்பதை முதலில் நிலைநாட்டுவதே பயன் தரும். இந்த நான்கு விடைகளும் நான்கு வெவ்வேறு திசைகளைக் காட்டுகின்றன. இதை அறியாமல் பிளக், காயில், பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர்கள், கெடாத பாகங்களுக்குச் செலவழித்துவிட்டுப் பழைய இடத்திலேயே நிற்பார்கள்.

தேவைப்படும் கருவிகள் அதிகமில்லை: ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், இடைவெளியை மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர், இயன்றால் ஒரு ஃபியூவல் பிரஷர் கேஜ், கூடவே அந்தக் காருக்கான வயரிங் படம். கடைசியாகச் சொன்னதை இல்லாமலே சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் எந்த ரிலே எதற்குரியது என்பது தெரியாமல் செய்யும் சோதனையில் பாதி நேரம் வீணாகும்.

பாதுகாப்பு குறித்துச் சில சொற்கள். பெட்ரோல் குழாய்களைக் கழற்றும் வேலையை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, காற்றோட்டமான இடத்தில், அருகில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். எஞ்சின் நின்று நெடுநேரம் ஆன பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். இக்னிஷன் வயரில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட் என்பதால், சோதனையின்போது அதைக் கையால் பிடிக்கக் கூடாது. கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட வேண்டும். செல்ஃபைத் தொடர்ந்து பத்து வினாடிக்கு மேல் அடிக்காமல், ஒவ்வொரு முறைக்கும் இடையில் அது ஆற நேரம் கொடுக்க வேண்டும்.

போனட்டைத் திறக்கும் முன்

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே பாதித் தகவலைப் பெற்றுவிடலாம். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பி, செல்ஃப் அடிக்காமல் நிறுத்துங்கள். டேஷ்போர்டில் ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிய வேண்டும். வேறு விளக்குகள் எரிந்து, இது மட்டும் எரியவில்லை என்றால், பல்பு போயிருக்கலாம். அதை விட முக்கியமாக, ஈசியூவுக்கு மின்சாரமே போகாமல் இருக்கலாம். இந்த ஒரு விளக்கைக் கவனிக்காமல் விட்டு நாள் முழுதும் சிரமப்படுபவர்கள் உண்டு. அடுத்து, சாவி வடிவிலோ பூட்டு வடிவிலோ உள்ள, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரின் விளக்கைப் பாருங்கள். அது அணையாமல் வேகமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தால் கார் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. இம்மொபிலைசர் தடுக்கும் சில கார்களில் எஞ்சின் ஓரிரு வினாடி ஓடி நின்றுவிடும் என்பதையும் நினைவில் கொள்க.

அதே நேரத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கார்களில் சாவியை ‘ஆன்’ செய்தவுடன் பின்னால் டேங்க் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று வினாடிகளுக்கு மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது ஃபியூவல் பம்ப் குழாயில் அழுத்தம் ஏற்றும் ஓசை. ஆனால் காற்றை அளக்க மடல் வைத்த பழைய எல்-ஜெட்ரானிக் வகைக் கார்கள் பலவற்றில் செல்ஃப் அடிக்கும்போது மட்டுமே பம்ப் ஓடும் என்பதால், அவற்றில் இந்த ஓசை கேட்காததைப் பழுதாகக் கொள்ளக் கூடாது.

இனி செல்ஃப் அடித்துப் பாருங்கள். எஞ்சின் சீரான வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 250 சுற்று வரை, சுற்ற வேண்டும். இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரியை முதலில் கவனியுங்கள்: ஓய்வில் 12.6 வோல்ட் அளவிலும், செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அதற்கும் கீழே போனால், செல்ஃப் எப்படியோ சுற்றினாலும் ஈசியூ விழித்திருக்கப் போதிய மின்னழுத்தம் இராது. மாறாக, வழக்கத்தை விட வேகமாக, ஏற்ற இறக்கமில்லாத ஒரே ‘விர்ர்’ ஒலியோடு சுற்றினால் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. மேற்கொண்டு செல்ஃப் அடிப்பதை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். சில எஞ்சின்களில் பெல்ட் அறுந்ததும் பிஸ்டன் வால்வுகளில் மோதும். ஒவ்வொரு சுற்றும் சேதத்தைக் கூட்டும்.

எஞ்சின் வேகம் காட்டும் டேக்கோமீட்டர் உள்ள காரானால் அதன் முள்ளையும் பாருங்கள். பல கார்களில் செல்ஃப் அடிக்கும்போது முள் சற்றே எழும்பும். அது அசையாமல் கிடந்தால், எஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார் அல்லது இக்னிஷன் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. இது உறுதியான சான்று அல்ல. எனினும் எங்கே தொடங்குவது என்பதற்குப் போதுமான குறிப்பு.

பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்பது அவமதிப்பாகத் தோன்றலாம். ஆனால் பழைய காரின் பெட்ரோல் முள்ளை நம்ப முடியாது. கொஞ்சம் ஊற்றிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. மாதக்கணக்கில் நின்ற கார் என்றால், உள்ளிருக்கும் பெட்ரோலே கெட்டிருக்கக்கூடும். சில கார்களில் மோதலின்போது பம்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்று டிக்கியிலோ கால்வைக்கும் பகுதியின் ஓரத்திலோ இருக்கும். நிறுத்துமிடத்தில் யாரோ லேசாக இடித்ததற்கே அது துள்ளிவிடுவதுண்டு. அதன் பொத்தானை அழுத்தினால் போதும்.

தீப்பொறியைச் சோதித்தல்

ஒரு பிளக் வயரைக் கழற்றி ஸ்பார்க் டெஸ்டரில் செருகி, டெஸ்டரின் கிளிப்பை எஞ்சினின் வெற்று உலோகத்தில் மாட்டி, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இடைவெளியைத் தாண்டி நீல நிறத்தில், காதில் விழும் ‘சட் சட்’ ஒலியோடு தீப்பொறி பாய வேண்டும். மஞ்சளாக, நூல் போல மெலிந்து வந்தால் அது போதாது; அழுத்தமுள்ள சிலிண்டருக்குள் அது அணைந்துவிடும். டெஸ்டர் இல்லையென்றால் நல்ல பிளக் ஒன்றை வயரில் செருகி அதன் உலோக உடலை எஞ்சினோடு ஒட்ட வைத்துப் பார்க்கலாம். எதிலும் மாட்டாமல் வயரை அந்தரத்தில் விட்டுச் சோதிக்கக் கூடாது. போக்கிடமில்லாத உயர் மின்னழுத்தம், அதை உண்டாக்கும் காயிலையும், காயிலை இயக்கும் இக்னிஷன் மாட்யூலையும் கெடுத்துவிடும்.

தீப்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள காரில் பிளக்கில் தீப்பொறி இல்லையென்றால், காயிலிலிருந்து வரும் நடு வயரில் சோதியுங்கள். அங்கே வந்து பிளக்கில் வரவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியோ உள்ளே சுழலும் ரோட்டரோதான்: மூடியின் உட்புறத்தில் பென்சில் கோடு போல ஓடும் கரித்தடம், வெடிப்பு, ஈரப்பூச்சு ஆகியவற்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். காயிலிலும் தீப்பொறி இல்லையென்றால், அதன் நேர்முனையில் சாவி ‘ஆன்’ நிலையில் 12 வோல்ட் வருகிறதா என்று அளந்துவிட்டு, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் மற்றொன்றைக் காயிலின் எதிர்முனையிலும் மாட்டிச் செல்ஃப் அடியுங்கள். விளக்கு சிமிட்டினால் கட்டளை வருகிறது, காயில்தான் கெட்டிருக்கிறது. சிமிட்டவில்லை என்றால் இக்னிஷன் மாட்யூலோ, அதற்குத் தருணம் சொல்லும் பிக்கப் அல்லது கிராங்க் சென்சாரோ வேலை செய்யவில்லை. காயிலும் மாட்யூலும் ஒரே பெட்டியாக வரும் கார்களில் இந்த முனை வெளியே கிடைக்காது. அங்கே வயரிங் படத்தைப் பார்த்து மாட்யூலுக்குள் வரும் கட்டளை வயரைச் சோதிக்க வேண்டும்.

மின்சாரத்தை அளக்கும்போது ‘ஆன்’ நிலையோடு நின்றுவிடாதீர்கள். செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கும்போதும் அளக்க வேண்டும். இக்னிஷன் ஸ்விட்சின் உள் முனைகள் தேய்ந்த காரில் ‘ஆன்’ நிலையில் எல்லாம் சரியாக இருந்து, ‘ஸ்டார்ட்’ நிலைக்குப் போனதும் காயிலுக்கோ ஈசியூவுக்கோ போகும் மின்சாரம் அறுந்துவிடும். சாவியை விடும் அந்த நொடியில் மட்டும் எஞ்சின் பிடிக்கப் பார்த்தால் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெட்ரோல் வழியைச் சோதித்தல்

தீப்பொறி நன்றாக இருக்கிறது என்று உறுதியான பின்னரே இதற்கு வாருங்கள். ஏர் ஃபில்டருக்குப் பின்னுள்ள குழாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயை ஓரிரு வினாடி மட்டும் அடித்து, குழாயை மாட்டிவிட்டுச் செல்ஃப் அடித்தால், எஞ்சின் ஒரு கணம் பிடித்து நின்றுபோகிறதா என்று தெரியும். பிடித்து நின்றால் தீப்பொறியும் சிலிண்டருக்குள் அழுத்தமும் வேலை செய்கின்றன, பெட்ரோல் மட்டும் வரவில்லை என்று பொருள். மீதிச் சோதனைகளில் பாதி குறைந்துவிடும். தீப்பொறியைப் பாராமல் இதை முதலிலேயே செய்வோர் பலர். எனக்கு அது ஒப்புதல் இல்லை: தீப்பொறி தாறுமாறான நேரத்தில் வந்தால் உள்ளே தேங்கிய ஆவி பின்னோக்கி வெடித்து, காற்றளவி மடலையே உடைத்துவிடும்.

பெட்ரோல் வரவில்லை என்றால் ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தால் பம்ப் ரிலேயைக் கழற்றி, அதே பெட்டியில் அதே எண்ணும் முனையமைப்பும் கொண்ட மற்றொரு ரிலேயோடு, ஹாரனுடையதோ விசிறியுடையதோ, இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் பலனில்லை என்றால் ரிலே சாக்கெட்டில் 30 என்றும் 87 என்றும் குறித்த இரு முனைகளையும் ஃபியூஸ் வைத்த சிறு வயரால் இணைக்கலாம். பெரும்பாலான ரிலேக்களில் 30 மின்சாரம் வரும் முனை, 87 பம்புக்குப் போகும் முனை, 85, 86 ரிலேயை இழுக்கும் சுருளுக்குரியவை. உங்கள் காரில் அப்படித்தானா என்பதைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இணைத்ததும் பம்ப் ஓடினால் பம்பும் அதன் வயரும் நலம். ரிலேயிலோ ரிலேக்குக் கட்டளையிடும் பக்கத்திலோதான் குறை.

ஓடவில்லை என்றால் டேங்க் அருகே பம்பின் கனெக்டரைக் கழற்றி அங்கே மின்சாரத்தைப் பாருங்கள். இந்த இடத்தில் மல்டிமீட்டரை விட டெஸ்ட் லேம்ப் நம்பத் தகுந்தது. பச்சைக் களிம்பு ஏறி ஓரிரு இழை மட்டும் மிஞ்சிய வயரிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும், ஏனெனில் அது மின்னோட்டத்தைக் கோருவதில்லை. டெஸ்ட் லேம்பை அதே வயரில் மாட்டினால் மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். பிரகாசமாக எரிந்து, எர்த் வயரும் நன்றாக இருந்து, பம்ப் மட்டும் சுற்றவில்லையென்றால் பம்ப் போய்விட்டது. செல்ஃப் அடிக்கும்போது டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் பிரஷ் தேய்ந்த பம்ப் ஒருமுறை உயிர் பெறுவதுண்டு; அது வீடு போய்ச் சேர உதவும், அவ்வளவே.

பம்ப் ஓடும் சத்தம் கேட்பதாலேயே பெட்ரோல் போய்ச் சேர்கிறது என்று கொள்ளக் கூடாது. அடைத்த ஃபில்டர், டேங்குக்குள் வெடித்த குழாய், தேய்ந்த பம்ப் ஆகிய மூன்றிலும் சத்தம் வரும், அழுத்தம் வராது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ஃபியூவல் ரெயிலில் சோதனை முனை இருந்தால் கேஜை மாட்டி அளப்பதே வழி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள பழைய கார்களில் 2.5 முதல் 3 பார் வரை இருப்பது வழக்கம். காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்கு மேல் ஒற்றை இன்ஜெக்டர் உள்ளவற்றில் ஏறக்குறைய ஒரு பார்தான் இருக்கும். உங்கள் காருக்குரிய எண்ணைக் கையேட்டில் பார்த்து ஒப்பிடுங்கள். பிரஷர் ரெகுலேட்டரிலிருந்து, எஞ்சினுக்குக் காற்று செல்லும் மேனிஃபோல்டுக்குப் போகும் மெல்லிய வாக்குவம் குழாயையும் உருவிப் பாருங்கள்: அதன் உட்புறம் காய்ந்திருக்க வேண்டும். பெட்ரோல் சொட்டினால் ரெகுலேட்டரின் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது.

அழுத்தம் சரியாக இருந்தும் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகவில்லை என்றால் இன்ஜெக்டர் திறக்கவில்லை. அதன் கனெக்டரைக் கழற்றி, அதில் பொருந்தும் சிறு சோதனை விளக்கைச் செருகிச் செல்ஃப் அடித்தால், விளக்கு சிமிட்ட வேண்டும். எரியவே இல்லை என்றால் இன்ஜெக்டருக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்த பின், ஈசியூ துடிப்பு அனுப்பாததற்குக் காரணம் தேட வேண்டும்.

இரண்டுமே இல்லாதபோது

தீப்பொறியும் இல்லை, இன்ஜெக்டர் துடிப்பும் இல்லை என்ற விடை வந்தால் புதியவர்கள் கலங்குவார்கள். உண்மையில் நான்கு விடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனெனில் இரண்டு தனிப் பாகங்கள் ஒரே காலையில் கெடுவது அரிது. பொதுவான வேர் ஒன்று இருக்கிறது, அதற்கான வேட்பாளர்களும் சிலரே. ஈசியூவுக்கான மின்சாரம், அதன் எர்த், கிராங்க் சென்சார், இம்மொபிலைசர் ஆகிய நான்கையும் பார்த்தால் பெரும்பாலும் போதும்.

மெயின் ரிலேயே பல கார்களில் ஈசியூவுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் மின்சாரம் தருகிறது. 1980கள், 90களைச் சேர்ந்த சில ஜப்பானியக் கார்களில் இந்த ரிலேக்குள் இருக்கும் சால்டர் இணைப்புகள் நாளடைவில் வெடித்துவிடும். வெயிலில் நின்ற கார் பிடிக்காது, மாலையில் குளிர்ந்ததும் பிடித்துவிடும். ரிலேயின் மூடியைத் திறந்து பின்புறத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், முனையைச் சுற்றி மயிரிழை போன்ற வட்ட வெடிப்பு தெரியும். மீண்டும் சால்டர் வைத்தாலே சரியாகிவிடும். எர்த் இணைப்பைச் சோதிக்க, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை எஞ்சின் உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். ஒரு வோல்ட்டின் பத்தில் சில பங்குக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கழற்றித் துருவைச் சுரண்டி மாட்ட வேண்டும்.

கிராங்க் சென்சார் என்பது பல கார்களில் எஞ்சின் சுற்றுகிறது என்பதை ஈசியூவுக்குச் சொல்லும் ஒரே வாய் என்பதால், அது மௌனமானால் ஈசியூவைப் பொறுத்தவரை எஞ்சின் நின்றுகொண்டிருக்கிறது. பெட்ரோலும் தீப்பொறியும் கொடுக்க அதற்குக் காரணமே இல்லை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: எஞ்சின் சுற்றவில்லை என்றே ஈசியூ நினைப்பதால், பல பழைய கார்களில் சென்சார் கெட்டதற்கான பிழைக் குறியீடே பதிவாகாது. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமான, பழுதறியும் பொதுத் தர சாக்கெட் உள்ள காரானால், ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை மட்டும் படித்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று மூடாமல், செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சுழியம் என்றால் சென்சார் பக்கம் போங்கள். இரண்டு வயர் உள்ள காந்தவகைச் சென்சாரானால் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடிக்கையில் சிறிதளவாவது மின்னழுத்தம் பிறக்க வேண்டும். மூன்று வயர் உள்ளதானால் அதற்கு மின்சாரமும் எர்த்தும் வருகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். முனையில் ஒட்டிய இரும்புத் தூள், எலி கடித்த வயர், எண்ணெய் புகுந்த கனெக்டர் ஆகியவற்றைப் பார்க்காமல் புதிய சென்சார் வாங்காதீர்கள்.

எல்லாம் இருந்தும் பிடிக்காதபோது

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே இங்கே முதல் வேலை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் எஞ்சின் மிகைப் பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெரும்பாலான ஈசியூக்கள் இன்ஜெக்டரை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும்; உங்கள் காரில் அந்த வசதி இல்லையென்றால் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டுச் செய்யலாம். மூழ்குவது திரும்பத் திரும்ப நடந்தால் கூலன்ட் வெப்பச் சென்சாரை அளந்து பாருங்கள். பல கார்களில் 20 டிகிரியில் இரண்டு முதல் மூன்று ஆயிரம் ஓம்ஸ் வரையும், 80 டிகிரியில் முந்நூறு ஓம்ஸ் அளவிலும் இருக்கும். அதன் வயர் அறுந்தால் கடுங்குளிர் என்று ஈசியூ எண்ணி, தேவைக்கு மேல் பெட்ரோலை ஊற்றும்.

பிளக் காய்ந்திருந்து, தீப்பொறியும் இன்ஜெக்டர் துடிப்பும் பெட்ரோல் அழுத்தமும் இருந்தால் கெட்டுப்போன பெட்ரோலையும், காற்றளவிக்குப் பின்னால் கழன்றுகிடக்கும் காற்றுக் குழாயையும் சந்தேகியுங்கள். சைலன்சர் வாயில் காற்று வரவே இல்லையென்றால் உள்ளே அடைப்பு உண்டு. அடுத்தது டைமிங்: எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் பல எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் தெரியும், அதை வைத்துக்கொண்டு, அல்லது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ரோட்டரைப் பார்த்துக்கொண்டு, வேறொருவரை மிகக் குறுகிய நேரம் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சுற்றவில்லை என்றால் பெல்ட் அறுந்துவிட்டது. சுற்றியும் சந்தேகம் தீராவிட்டால், ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்பதை மூடியைக் கழற்றி டைமிங் குறிகளைப் பொருத்தித்தான் அறிய முடியும்.

சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். எல்லாப் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் பம்பையும் துண்டித்து, த்ராட்டிலை முழுதும் திறந்து அளக்க வேண்டும். பத்து பாருக்கு அருகில் அல்லது மேலே இருந்து, சிலிண்டர்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லாவிட்டால் நலம். நெடுநேரம் மூழ்கிய எஞ்சினில் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடுவதால் எல்லாமே குறைவாகக் காட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

காலையில் பிடித்து, சூடான பின் நிறுத்தினால் பிடிக்காமல், அரைமணி ஆறியதும் மறுபடி பிடிக்கும் கார், சோதனை செய்யும் நேரத்தில் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும். இத்தகைய காருக்குக் கருவிகளை முன்கூட்டியே மாட்டி வைப்பது நல்லது: ஸ்பார்க் டெஸ்டரும் இன்ஜெக்டர் விளக்கும் கையருகே இருக்கட்டும், அது மறுக்கும் கணத்திலேயே மேலே சொன்ன முதல் கேள்வியை, அதாவது எது இல்லை என்பதை, கேட்டுவிடுங்கள். கிராங்க் சென்சார், இக்னிஷன் மாட்யூல், மெயின் ரிலே ஆகிய மூன்றுமே சூட்டில் கெடுபவை. சந்தேகத்துக்குரியதை ஹேர் டிரையரால் சூடாக்கிப் பழுதை வரவழைக்க முடிந்தால், கார் குளிர்ந்திருக்கும்போதே, வேறு எதையும் கழற்றாமல், புதிய பாகத்தை வாங்கலாமா என்பதை முடிவு செய்துகொள்ளலாம்.